டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறவர்

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்லவேண்டியிருக்கும். பிடிக்காமல் போனதற்குக் காரணமே அதுதான்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எனக்குப் பழைய கார் விற்கும் இடம் இருக்கிறது. தகரக்கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். அவருக்குக் கடை, போர்டு எதுவும் கிடையாது. பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு வருவார்கள். வண்டிக்குள் இருப்பது எந்த எஞ்சின், புகை விஷயத்தில் அந்த எஞ்சினைக் கம்பெனி எப்போதாவது திரும்ப அழைத்திருக்கிறதா, அழைத்திருந்தால் இந்த வண்டிக்கு அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். அதற்கு ஒரு கூலி வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான் தொழில்.

முதலில் பார்த்தபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. மாம்பழ மஞ்சளிலும் கிளிப்பச்சையிலும் சேலை கட்டுவார். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. கைப்பையில் ஒரு டார்ச்சும், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியும் இருக்கும். அடக்கம் என்பது துளியும் கிடையாது. "சேலம் நாமக்கல் ரெண்டு ஜில்லாவுலயும் டீசல் எஞ்சின் பாக்கறதுல நாந்தானுங்க நெம்பர் ஒண்ணு" என்று அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை கேட்கும்படி சிரிப்பார். ஊரில் வயதில் பெரியவர்கள்கூட அவரை அக்கா என்றார்கள். நான் மட்டும் மேடம் என்றேன்.

அவரை முதன்முதலில் என் இடத்துக்குக் கூட்டிவந்தவர் எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். என்னிடம் அப்போது வெள்ளி நிறத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கார் நின்றிருந்தது. பண்ணைக்காரருக்கு அதன் மேல் ஒரு கண். அந்தக் கம்பெனியின் டீசல் எஞ்சின்களைப் பற்றி அந்தச் சமயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கம்பெனிக்காரர்களே ஒரு தந்திரம் செய்து வைத்திருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் நிறுத்திப் பார்த்தால் கெட்ட காற்று குறைவாக வரும். ரோட்டுக்கு வந்ததும் பல மடங்கு வரும். விஷயம் வெளியே வந்ததும் வண்டிகளைத் திரும்ப அழைத்து அந்தப் பெட்டியில் இருந்ததை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லா எஞ்சினுக்கும் அல்ல. ஒரே மாடல், ஒரே நிறம், பின்னால் ஒரே எழுத்து. ஒன்றில் பழைய எஞ்சின் இருக்கும், இன்னொன்றில் புதியது இருக்கும். பழையதுக்குத்தான் ரீகால் என்கிற அந்தத் திரும்ப அழைப்பு.

நான் பண்ணைக்காரரிடம் அடித்துச் சொன்னேன். "இது புது எஞ்சினுங்க. ரீகால்லயே வராதது. கண்ண மூடிட்டு எடுங்க."

எனக்கு விற்றவன் அப்படித்தான் சொல்லியிருந்தான். பண்ணைக்காரர் திரும்பி, "அப்படிங்களாக்கா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றார் அவர்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு வந்து நின்றுகொண்டு தெரியவில்லை என்கிறாரே, இனி இந்த ஆளை யார் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவர் டிக்கியைத் திறந்து, உள்ளே இருந்த விரிப்பைச் சுருட்டித் தூக்கி, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் தலையை விட்டிருந்தார். மஞ்சள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முக்கால் உடம்பு டிக்கிக்குள் இருந்தது. அங்கே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். எஞ்சின் எந்த வகை என்று மூன்று நான்கு எழுத்தில் அதில் அச்சடித்திருப்பார்கள். டார்ச் அடித்துப் படித்தார். பிறகு முன்கண்ணாடி மூலையில் தெரியும் சேஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். அங்கிருந்து பதில் வரும்வரை பண்ணைக்காரருடன் கோழித்தீவன விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது. பழைய எஞ்சின். ரீகாலில் உள்ளது. வேலை இன்னும் செய்யவில்லை.

"புகை அதிகமாப் போகுமுங்களா?" என்று பண்ணைக்காரர் கேட்டார். "கருப்பா ஒண்ணையும் காணமே."

"இது கண்ணுக்குத் தெரியற புகை இல்லீங்க. ஓட்டறவருக்குத் தெரியாது. பின்னால வர்றவங்க நெஞ்சுக்குள்ள போவும்" என்றார். பிறகு என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "வண்டி நல்ல வண்டிதானுங்க. அந்த வேலையக் கம்பெனியில காசில்லாமச் செஞ்சு குடுப்பாங்க. செஞ்சா இழுவை கொறையும்ங்கறாங்க, கொறையாதுங்கறாங்க. எனக்குத் தெரியலை. இவருகிட்டச் சொல்லிச் செய்யச் சொல்லுங்க. செஞ்ச பொறகு ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கங்க."

செய்தேன். ஓட்டிப் பார்த்தார். எடுத்துக்கொண்டார். எனக்கு வியாபாரம் நடந்தது. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு பண்ணைக்காரர் கும்பிட்டது என்னையல்ல, அந்த அம்மாவை. அன்று ஆரம்பித்தது.

அந்த அம்மா முன்பு ஒரு கார் ஷோரூமில் இருந்தவர். அங்கே அவரோடு வேலை பார்த்த ஒருவர் பிறகு என்னிடம் ஒரு கதை சொன்னார். எந்த ஷோரூம் என்பது வேண்டாம். ரீகால் செய்தி வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் கவுண்டருக்கு வந்து, என் வண்டியிலும் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லி அனுப்பும்படி மேலே இருந்தவர்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். இவர் எழுந்து நின்று, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இருக்குதுங்க. எப்ப சரி பண்ணுவாங்கன்னு எனக்கும் தெரியலை, மேல இருக்கறவங்களுக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டாராம். அந்த மாதமே வேலை போய்விட்டது. போனது வேலை மட்டும்தான். அன்று அங்கே காத்திருந்தவர்கள்தான் அவருக்கு முதல் வாடிக்கையாளர்கள். ஒரு மனுஷிக்கு வேலை போவதுகூட இப்படி லாபமாகப் போகுமா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

என் வீட்டிலும் அவர் நுழைந்தார். ஒரு நாள் மதியம் என் இடத்தில் வண்டி பார்த்து முடிக்க நேரமாகிவிட்டது. சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி, பக்கத்திலேயே வீடு இருக்கிறதே என்று அவரைக் கையோடு கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டாள். நானும் போனேன். அவர் நன்றாகச் சாப்பிடுவார். நாட்டுக்கோழிக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார். பேச்சுவாக்கில் என் மனைவி, "உங்க ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?" என்று கேட்டாள்.

"தெரியலை சாமி" என்றார். "போயி ஆறேழு வருசமாச்சு. எங்கயோ நல்லாத்தான் இருப்பாரு. ரசம் இருக்குதா?"

டிக்கிக்குப் பக்கத்தில் நின்று சொல்வாரே, அதே குரல். ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. என் மனைவி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். நிலத் தகராறில் பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. யாராவது தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டால், நல்லா இருக்கானுங்க, நேத்துக்கூடப் பேசினான் என்பேன். சொல்லும்போதே காது சுடும். இந்த அம்மா கட்டிய புருஷனையே தெரியலை என்று சொல்லிவிட்டு ரசம் கேட்கிறார். அவர் போன பிறகு என் மனைவி ஒரு வாரத்துக்கு அவரைப் பற்றியே பேசினாள். நான் டிவியைச் சத்தமாக வைத்தேன்.

அவரை ஒரு தடவை தோற்கடித்தேன். அதையும் சொல்லவேண்டும்.

பனமரத்துப்பட்டியில் இருக்கும் என் மாமனார் கார் வாங்க ஆசைப்பட்டார். மாப்பிள்ளை நான் கார் விற்கிறவன். வேறு எங்கே போவார்? அதே கம்பெனியின் நீல நிற வண்டி ஒன்று நல்ல நிலையில் என்னிடம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாண வீடு மாதிரி சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். வாசலில் கிளிப்பச்சைச் சேலை தெரிந்தது.

மாமனார் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தக்காவும் ஒருக்காப் பாத்துட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும்னு வரச்சொன்னனுங்க."

"அதனாலென்னங்க மாமா" என்றேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வண்டியில் ஒரு விஷயம் இருந்தது. முன்பு ஒரு மழையில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பழுதாகி, பழைய உரிமையாளர் எஞ்சினையே மாற்றியிருந்தார். அதே கம்பெனியின் அடுத்த வகை எஞ்சின். கம்ப்யூட்டர் பெட்டியும் அதோடு சேர்ந்து மாறியிருந்தது. ஆர்.டி.ஓ.வில் முறைப்படி பதிந்து, ஆர்.சி.யிலும் ஏறியிருந்தது. ஆர்.சி. என் சட்டைப்பையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அவர் கேட்கவில்லை. அன்று ஏதோ அவசரம், மதியம் இன்னொரு இடத்தில் வேலை இருந்தது. டிக்கி விரிப்பைத் தூக்கினார். ஸ்டிக்கரைப் படித்தார். சேஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டார். வண்டி தயாரானபோது போட்ட எஞ்சினைத்தான் ஸ்டிக்கர் சொல்லும். சர்வீஸ் சென்டரிலும் பழைய கணக்குத்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டு, "பழைய எஞ்சினுங்க. ரீகால் வேலை பாக்கி நிக்குது" என்றார்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் உள்ளே போய்விட்டார். நான் அவசரப்படவில்லை. அந்த நிமிடத்தை நான் எத்தனையோ நாள் மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன்.

"மேடம், எஞ்சின் மேலயே நம்பர் அடிச்சிருக்குமே. அதப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய்ப் பானெட்டைத் திறந்தார். டார்ச்சையும் குட்டிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, கியர்பாக்ஸ் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளே விட்டுப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கோழி ஒன்று அவர் காலடியில் கொத்திக்கொண்டிருந்தது. நான் ஆர்.சி.யை எடுத்து மாமனார் கையில் கொடுத்தேன்.

அவர் நிமிர்ந்தார். கன்னத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"அட, ஆமாங்க! எஞ்சினே மாத்தின வண்டி இது" என்றார். ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல இருந்தது குரல். "நாந்தானுங்க தப்பாச் சொல்லிட்டேன். ஸ்டிக்கரப் பாத்துட்டு எஞ்சினப் பாக்காம உட்டுட்டேன். ஆர்.சி.யும் கேக்கல. இவரு சொன்னது சரி. இந்த எஞ்சினுக்கு ரீகால் இல்ல. தாராளமா எடுங்க." கைப்பையைத் திறந்து, வாங்கியிருந்த கூலியை எடுத்து மாமனார் கையில் திருப்பி வைத்தார். பிறகு சிரித்தார். ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் எதிர்பார்த்தது இதுவல்ல. அவர் மழுப்புவார், சர்வீஸ் சென்டர்க்காரன் மேல் பழியைப் போடுவார், முகம் கறுக்கும், சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கிளம்பவே இல்லை. கொஞ்சமும் கூச்சமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காப்பி கேட்டார். சின்னப் பெண்கள் அவர் கண்ணாடியை வாங்கி எஞ்சினுக்குள் விட்டுப் பார்த்தார்கள். மாமியார் உள்ளேயிருந்து பலகாரத் தட்டோடு வந்தார்.

மாமனார் அன்று சாயந்திரம் என்னிடம் சொன்னார்: "மாப்ள, எத்தனையோ மேஸ்திரி, மெக்கானிக்கு, டாக்டருங்களக்கூடப் பாத்துட்டேன். நாலு பேரு முன்னால தப்புன்னு சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன். அந்தக்காவ நம்பி எதையும் வாங்கலாம்."

சரியாகச் சொன்னவன் நான். நம்பிக்கை கிடைத்தது தப்பாகச் சொன்னவருக்கு. அந்த வருடம் மாமனார் மட்டும் பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து அவருக்கு எத்தனை பேரை அனுப்பினார் என்பது எனக்குத் தெரியும். அதில் சிலர் என் வாடிக்கையாளர்கள்.

அதற்குப் பிறகு நானும் ஒரு முறை அவர் மாதிரி செய்து பார்த்தேன். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். வடநாட்டிலெல்லாம் அவர் வண்டிகள் ஓடின. ஒரு பெரிய டீசல் காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இது எந்த எஞ்சினுங்க? ரீகால் கீகால் இருக்குதா?" என்று கேட்டார். வழக்கமாக என் வாயில் உடனே ஒரு பதில் இருக்கும். அன்று வேண்டுமென்றே நிறுத்தி, "தெரியலைங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, விக்கறவருக்கே தெரியலைன்னா நா எதை நம்பி வாங்கறதுங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவில் இருக்கும் கடைக்குப் போய்விட்டார்.

இதை வீட்டில் கோபமாகச் சொன்னேன். அதே வார்த்தை, நான் சொன்னால் போகிறான், அந்த அம்மா சொன்னால் கும்பிடுகிறான் என்றேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே, "நீங்க அதச் சொல்லறப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்க இருப்பேன்? சேர்ல."

"அதானுங்க. அந்தக்கா அதச் சொல்லறப்பவே டிக்கிக்குள்ள இருப்பாங்க" என்றாள். அன்று அவள் மடித்து வைத்த என் சட்டைகளை நானே கலைத்து மறுபடி அடுக்கினேன்.

போன வருடம் அவர் என்னைத் தேடி வந்தார். யார் வண்டியையும் பார்ப்பதற்காக அல்ல. தன் காரையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அரக்குச் சிவப்பில் சின்ன வண்டி. அதே வெளிநாட்டுக் கம்பெனி, டீசல். இத்தனை வருடம் அதில்தான் எல்லா ஊருக்கும் போய் வந்தார்.

"இத வித்துக் குடுங்க" என்றார். "கோயமுத்தூருல பேட்டரி வண்டிக்கு ஒரு படிப்பு சொல்லித் தாராங்களாம். சேந்துட்டேன். ஒரு வருசம் அங்கதான். டீசல் கொறஞ்சுட்டே போவுது. பேட்டரியப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியலை. கூடப் படிக்கறதுக எல்லாம் எம் புள்ள வயசுகூட இருக்காது."

"எத்தனையோ பேரு இருக்கறப்ப எங்கிட்டக் கொண்டாந்திருக்கீங்களே மேடம்" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

"பனமரத்துப்பட்டியில நீங்கதானுங்க கரெக்டாச் சொன்னீங்க" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் செய்த முதல் வேலை டிக்கி விரிப்பைத் தூக்கியது. பழைய எஞ்சின். பிறகு எஞ்சின் மேல் இருக்கும் நம்பரையும் பார்த்தேன். அதே எஞ்சின்தான். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து சேஸ் நம்பரைச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கும் என்று தெரிந்தும், ஏதோ ஒன்று கிடைக்காதா என்று மனசு தவித்தது.

கிடைத்தது. ரீகால் வேலை பாக்கி. பல முறை தகவல் அனுப்பியும் வண்டி வரவில்லை என்றார்கள்.

எனக்குக் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஊரெல்லாம் போய் விரிப்பைத் தூக்கியவர் தன் வண்டியில் மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறார். அன்று சாயந்திரம் அவர் மறுபடி வந்தபோது நான் எழுந்து நின்றேன்.

"மேடம், உங்க வண்டிக்கு அந்த வேலை ஆகலையே" என்றேன்.

அவர் தலைக்கு மேலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துத் துடைத்தார்.

"ஆமாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பயந்துட்டேன். நல்லா ஓடிட்டிருந்த வண்டி. இந்த ஒரு வண்டிய வெச்சுத்தான் எம் பொழப்பே. செஞ்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டே வந்துட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குத் துணிச்சல் வரல." கண்ணாடியைத் திரும்பத் தலைமேல் ஏற்றிக்கொண்டார். "வேலையச் செஞ்சுட்டு வித்துருங்க. ஆனா இத யாருகிட்டயும் சொல்லீராதீங்க. அசிங்கமாப் போயிரும்."

அசிங்கம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"சொல்லமாட்டனுங்க" என்றேன்.

வண்டியை நானே சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போய் அந்த வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். ஏற்காட்டு மலையில் சில வளைவுகள் வரை ஏற்றிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போனில் சொன்னேன். "அடக் கடவுளே, இதுக்கா இத்தன வருசம்" என்று சிரித்தார். சின்னச் சிரிப்பு.

அந்த நாட்கள் எனக்குப் பொன்னாக இருந்தன. யாராவது வந்து அக்காவைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசு, பேசு என்று இருக்கும். உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று இருக்கும். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தீர்ந்துவிடும். வாங்குகிறவர்களுக்கு வண்டியில் எந்தக் குறையும் இல்லை, வேலை முடிந்த பதிவும் இருக்கிறது. ஆக, அந்த விஷயம் யாருக்கும் தேவைப்படாமல் என்னிடமே இருந்தது. அவருக்குச் சமமாக, ஏன், அவருக்கு ஒரு படி மேலாகவே நான் நின்றேன்.

வாங்க வந்தவர்கள் ராசிபுரத்தில் பள்ளியில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும். மாமனார்தான் அவர்களைக் கூட்டிவந்திருந்தார். அக்காவின் வண்டி என்றதும் பேரம்கூடப் பேசவில்லை. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட அவரும் வந்தார். மறுநாள் அவர் கோயமுத்தூர் போகிறார் என்பதால் என் மனைவியும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிட்டாள். ஆபீஸ் அறை நிரம்பிவிட்டது.

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் மறுபடி கீழே வைத்தார்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதுபோல அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இந்த வண்டிக்கும் ரீகால் இருந்துச்சுங்க. இத்தன வருசமா நா செய்யாமயே ஓட்டுனேன். உங்களுக்கெல்லாம் செய்யுங்க செய்யுங்கன்னுட்டு, எம் வண்டிக்கு மட்டும் பயந்துட்டு உட்டுட்டேன். இப்பத்தான், போன வாரம் இவருதான் கொண்டுபோயிச் செஞ்சு கொண்டாந்தாரு. இப்ப ஒண்ணும் பாக்கி இல்ல. அதுக்கு முன்னால ஓடுன கிலோமீட்டரு அத்தனையும் அந்தக் கெட்ட காத்த உட்டுட்டே ஓடுனதுதான். தெரிஞ்சு வாங்கிக்கங்க. வேண்டாம்னாலும் எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவர் முகம் சிவந்திருந்தது. இந்த முறை சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்ததை, எதிரே உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். அவருக்கு இதெல்லாம் சுலபமாக வருகிறது என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ராசிபுரத்து டீச்சர்தான் முதலில் பேசினார். "அட நீங்க ஒண்ணுக்கா. எங்க ஊட்டு கேஸ் டியூப மாத்தோணும்னு நா மூணு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்" என்றார். கணவர் தலையைச் சொறிந்தார். மாமனார் சத்தமாகச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கடைசியாகச் சேர்ந்துகொண்டார். கையெழுத்துப் போட்டார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருந்த ஒன்றையும் எடுத்து மேசை மேல் போட்டு, அதற்கும் அன்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஏற்பட்ட ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? கேட்காமல் கொள்ளாமல் என் பீரோவைத் திறந்து காலி செய்ததுபோல இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"வண்டி வந்த அன்னைக்கே."

"எங்கிட்டக்கூடச் சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லவேண்டாம்னாங்க. சொல்லமாட்டேன்னேன்."

சிக்னலில் வண்டி நின்றது. என் தோளில் கை வைத்தாள். வெகு நாட்களாக அப்படி வைத்ததில்லை.

"பரவால்லீங்க நீங்க" என்றாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாது. கை தோளிலேயே இருந்தது. பச்சை விழுந்த பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். இந்தக் கையும் அந்த அம்மாவால்தான் வந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. அதை எடுத்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.